பித்தளை துலக்க எது சரி: புளியா, பஃப் பட்டறையா, உருட்டும் கேனா?

மாசி சிவராத்திரிக்கு இருபது நாள் இருக்கும்போது எங்கள் குலதெய்வக் கோயில் பித்தளை முழுவதையும் சாமி பெட்டி இருக்கும் வீட்டுத் திண்ணையில் கொட்டினோம். உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ள சின்னக் கோயில்தான். ஆனால் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு கட்டிய மணிகள் மட்டுமே ஒரு சாக்கு நிறைய வந்தன. தராசில் போட்டால் 31 கிலோ. அது போக இரண்டு குத்துவிளக்கு, ஒரு சரவிளக்கு, ஒன்பது கைவிளக்கு, நான்கு குடம், ஒரு அண்டா, தாம்பாளங்கள், கோயில் காளைக்குக் கட்டும் இரண்டு சலங்கைப் பட்டை. எல்லாம் ஒரே நிறம். எண்ணெயும் புகையும் குங்குமமும் சேர்ந்து இறுகிப்போன கறுப்பு.

ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். சித்தப்பா, "பட்டறையில குடுத்துருவோம்ப்பா, ஒரே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுத்துருவாங்க" என்றார். மதினிக்கு அதில் சம்மதமில்லை. "சாமி பாத்திரத்தப் புளி போட்டுத் தேச்சாத்தான் சரி. மெஷின்ல குடுத்தா தேஞ்சு போகும்" என்றார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த மச்சான் மூன்றாவதாக ஒன்று சொன்னார். வெளிநாடுகளில் குறிபார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடுவதில்லையாம். கழுவி, அளவைச் சரிசெய்து, மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கூடுகளை நூற்றுக்கணக்கில் துலக்க அவர்கள் வைத்திருக்கும் முறை நம் மணிகளுக்கு அப்படியே பொருந்தும் என்றார். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் நான் எடுத்துக்கொண்டது துலக்கும் முறையை மட்டும்தான்.

இந்த மூன்றையும், கூடவே இன்னும் இரண்டு வழிகளையும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்று முடிவு செய்தால் ஏதோ ஒன்று கெடும் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. பொருளின் உள்ளே கை போகுமா, அது வார்த்ததா தகட்டில் அடித்ததா, மேலே பேர் வெட்டியிருக்கிறதா, உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா, இரும்பு எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பிரித்த பிறகுதான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த முறைக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: எண்ணெயை எடுப்பது. விளக்கில் படியும் நல்லெண்ணெய் சூட்டிலும் காற்றிலும் காய்ந்து பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. அதன்மேல் புளியைத் தேய்த்தால் புளித்தண்ணீர் உருண்டு ஓடுகிறதே தவிரப் பித்தளையைத் தொடுவதே இல்லை. "எவ்வளவு தேச்சாலும் போகலையே" என்று சலித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வாளி கொதிநீரில் இரண்டு கைப்பிடி சலவைச் சோடா போட்டு, பொருளை முக்கால் மணி நேரம் ஊற வையுங்கள். கறுப்பில் பாதி அதிலேயே கரைந்து இறங்கிவிடும். மீதி இருப்பது பித்தளையின் சொந்த அழுக்கு. பழுப்பாகவும் கறுப்பாகவும் இருப்பது செம்பு ஆக்சைடு. பச்சையாக இருப்பது களிம்பு. செம்பில் களிம்பு எப்படி அதனோடே இருக்கிறதோ அப்படித்தான் உயிரோடு ஆணவம் இருக்கிறது என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வார்கள். துலக்கி முடித்த மறுநாளே அது திரும்பத் தலைகாட்டும்போது அந்த உவமை எவ்வளவு பொருத்தம் என்று புரிகிறது.

புளியும் எலுமிச்சை உப்பும்

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது செம்பு ஆக்சைடைக் கரைக்கும். புளியின் நாரும் சக்கையும் மெதுவான தேய்ப்பானாக உதவும். கூடக் கல்லுப்புச் சேர்த்தால் வேகம் கூடும். நம் வீடுகளில் குழம்புக்கு ஆகாத பழம்புளியை இதற்கென்றே ஒரு டப்பாவில் போட்டு வைப்பது வழக்கம். மதினி ஒரு குடத்தை எடுத்து, தேங்காய் நாரில் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தார். இருபது நிமிடத்தில் குடம் மஞ்சள் பூசிய முகம் மாதிரி வந்தது. அந்த நிறம் வேறு எந்த முறையிலும் வரவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். பட்டறையில் துணிச் சக்கரம் வைத்துப் பஃப் போட்டால் வருவது கண்ணாடி மினுக்கு. புளியில் வருவது கொஞ்சம் மங்கிய, உள்ளிருந்து வரும் மஞ்சள்.

ஆனால் புளிக்கு இரண்டு குறை. ஒன்று, ஆள் கூலி. ஒரு குடத்துக்கு இருபது நிமிடம் என்றால் சாக்கு மணிக்கு எத்தனை நாள்? விரல் நுழையாத மணிக்குள் நார் எப்படிப் போகும்? இரண்டு, "ஊறட்டும், காலையில தேச்சுக்கலாம்" என்று இரவு முழுக்க ஊற வைக்கும் பழக்கம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் நிற்கும். காலையில் பார்த்தால் தாம்பாளத்தில் இளஞ்சிவப்புத் திட்டுகள். அது அழுக்கு இல்லை, அதனால் கழுவினாலும் போகாது. நுண்ணிய பொடி போட்டுத் தேய்த்து அந்த மேல்தோலை எடுத்தால்தான் மஞ்சள் திரும்பும். எங்கள் வீட்டுத் தாம்பாளம் ஒன்றில் அந்தத் திட்டு இன்னும் இருக்கிறது.

மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இதே வேலையைக் கணக்காகச் செய்கிறது. புளியில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, இதில் தெரியும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 10 கிராம் போட்டேன். சோடாவில் பிசுக்கு எடுத்த கைவிளக்கை அதில் போட்டால் கண்ணெதிரே கறுப்புக் கலைந்து பத்து நிமிடத்தில் மஞ்சள் தெரிகிறது. தேய்க்கவே வேண்டாம், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்குகளை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். குத்துவிளக்கை மரை கழற்றி, பாதம், தண்டு, அகல், மேலே இருக்கும் அன்னம் என்று தனித்தனியாகப் போட வேண்டும். மரைக்குள் இருக்கும் எண்ணெய்ப் பிசினை எடுக்காமல் மாட்டினால் அது மறுபடி ஒழுகிக் கறையாகும்.

பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான். இங்கே கைபேசியில் அலாரம் வைப்பது நல்லது. உப்புச் சேர்த்த புளியானாலும் சரி, எலுமிச்சையானாலும் சரி, நன்றாக அலசாமல் விட்டால் அந்த உப்பே அடுத்த வாரம் பச்சைக் களிம்பாக நிற்கும். பளபளப்பு நீடிக்காததற்கு முறையைக் குறை சொல்கிறோம், பல சமயம் குறை அலசலில் இருக்கிறது. எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு ஏறிய தண்ணீர். அதில் அலசிக் காய வைத்தால் ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியாக உறைந்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்க வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்தி, உடனே துண்டால் ஒற்றி, மாசி வெயிலில் அரை மணி நேரம் வைத்தேன். புள்ளி இல்லை.

கடையில் விற்கும் பித்தளைத் துலக்குப் பொடிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் அமிலமும் மென்மையான தேய்ப்புப் பொடியும் சேர்ந்தவை. ஒன்றிரண்டு விளக்குக்கு, வெள்ளிக்கிழமை அவசரத்துக்கு நல்லவை. முப்பது கிலோவுக்குக் கட்டாது.

பஃப் பட்டறை

சித்தப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. வேகத்தில் பஃப் பட்டறையை எதுவும் நெருங்காது. மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் கட்டியைத் தேய்த்துப் பாத்திரத்தை அழுத்தினால், ஐந்து நிமிடத்தில் முகம் பார்க்கலாம். ஆனால் அது அழுக்கை எடுப்பதில்லை, அழுக்கு இருந்த உலோகத்தையே சீவி எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம். புதுப் பாத்திரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பழசுக்கு?

இதை நான் சொல்லக் காரணம் ஒரு செம்பு. என் அப்பத்தா கல்யாணத்துக்கு மதுரை வெங்கலக்கடைத் தெருவில் வாங்கிய பித்தளைச் செம்பு. கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி அவர் பெயரின் முதலெழுத்தும், ஊர்ப் பெயரும், ஒரு சின்ன வேலும் வெட்டியிருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டு விசேஷத்துக்காக மற்ற பாத்திரங்களோடு அதையும் ஒரு பட்டறையில் கொடுத்தோம். "பேர் இருக்கு, பார்த்துப் போடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தோம். வாங்கி வந்தபோது செம்பு புதுசாக இருந்தது. வேல் இல்லை. ஊர்ப் பெயரில் நடு இரண்டு எழுத்து மட்டும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. அப்பத்தா அதைக் கையில் வாங்கி, பெருவிரலால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அது மனசில் நிற்கிறது.

அதனால் பேர் வெட்டிய எதையும், நுணுக்க வேலைப்பாடு உள்ள எதையும் பஃப் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கோயில் பாத்திரங்களில் முக்கால்வாசி உபயதாரர் பேர் வெட்டியவை. அந்தப் பேருக்காகத்தான் அந்த வீட்டார் வருஷா வருஷம் வந்து நின்று பார்க்கிறார்கள்.

பட்டறையில் "லாக்கர் அடிச்சுத் தரவா, கறுக்காது" என்று கேட்பார்கள். லாக்கர் என்பது மேலே அடிக்கும் ஒரு பளபளப்புப் பூச்சு. அலமாரியில் வைக்கும் பொம்மைக்குச் சரி. ஏற்றுகிற விளக்குக்கு வேண்டாம். திரியின் சூட்டில் அந்தப் பூச்சு தீய்ந்து திட்டுத் திட்டாகப் பழுப்பேறும், அப்புறம் அதை எடுப்பது களிம்பை எடுப்பதைவிடக் கஷ்டம்.

உருட்டும் கேன்

இனி மச்சான் சொன்ன முறை. நான் அதிக நாள் செலவழித்தது இதில்தான்.

தோட்டாக் கூட்டுக்கும் நம் கோயில் மணிக்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். இரண்டும் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், உள்ளே குழி, உள்பக்கம்தான் கரி. தோட்டாக் கூடு செய்யும் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. ஆழமாக இழுத்தாலும் கிழியாத கலவை அது. சுட்டபின் உள்ளே வெடிமருந்துக் கரி, அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமரின் எச்சம். இதைக் கையால் ஒவ்வொன்றாகத் துலக்க முடியாது என்பதால் அவர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று உலர் முறை. அதிரும் கிண்ணத்தில் நொறுக்கிய மக்காச்சோளத் தக்கையையோ வால்நட் ஓட்டுப் பொடியையோ நிரப்பி, கூடுகளை அதில் புதைத்துச் சில மணி நேரம் ஓட விடுவது. வால்நட் ஓடு வேகமாக அரிக்கும், சோளத் தக்கை மெருகு கொடுக்கும். சிக்கல் தூசி. பிரைமரில் ஈயச் சேர்மம் இருப்பதால் அந்தத் தூசியில் ஈயம் இருக்கும் என்று அவர்களே முகமூடி போட்டுக்கொள்கிறார்கள். நமக்குப் பிரைமர் இல்லை. ஆனால் கடைசல் பிடிக்கும் பித்தளையில் சுமார் 3 சதவீதம் ஈயம் கலப்பது வழக்கம். விளக்குகளில் கடைசல் பாகங்கள் உண்டு. பித்தளைத் தூசியை மூச்சில் இழுப்பது நமக்கும் ஆகாது.

நம் ஊரில் மக்காச்சோளத் தக்கைக்கா பஞ்சம்? ஒரு மூட்டை வாங்கி, காய வைத்து, நொறுக்கிப் போட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் அழகாக வந்தது. மணியின் உள்ளே இருந்த எண்ணெய்க் கரி அசையவே இல்லை, போதாக்குறைக்குத் தக்கைத் தூள் அதில் போய் அப்பிக்கொண்டது. எண்ணெய் படாத பொருளுக்கு இது நல்ல முறை. கோயில் பித்தளைக்குப் பொருந்தவில்லை. உமியைப் போடலாமே என்று ஒருவர் சொன்னார். உமியில் சிலிக்கா அதிகம். அது மெல்லிய கீறல் விழ வைக்கும்.

இரண்டாவது ஈர முறை. மூடி இறுகும் ஒரு பீப்பாயில் தண்ணீர், துளி பாத்திரச் சோப்பு, துளி எலுமிச்சை உப்பு, பித்தளை, அதோடு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகள். ஊசி என்றால் தையல் ஊசி இல்லை. சுமார் 1.2 மில்லிமீட்டர் கனம், 6.5 மில்லிமீட்டர் நீளம் உள்ள கம்பித் துண்டுகள். பீப்பாயைப் படுக்க வைத்து மெதுவாக உருட்டினால் ஊசிகள் ஆயிரக்கணக்கில் உள்ளேயும் வெளியேயும் புகுந்து தட்டித் தட்டிக் கரியைப் பெயர்க்கின்றன. அவர்கள் சொல்லும் கணக்கு, சுமார் 900 கிராம் பித்தளைக்கு 2.25 கிலோ ஊசி, 4 லிட்டர் தண்ணீர், மூன்று நான்கு மணி நேரம்.

மதுரையில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி, இரண்டு ரப்பர் உருளையும் நிமிடத்துக்கு நாற்பது சுற்று வரும் கியர் மோட்டாரும் வைத்த ஒரு சட்டம் செய்துகொண்டேன். அதன்மேல் பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைப் படுக்க வைத்தேன். கேனின் உள்ளே நீளவாக்கில் இரண்டு மரப்பட்டி திருகியது முக்கியம். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எல்லாம் வழுக்கிக்கொண்டே அடியில் கிடக்கும், புரளாது. செலவில் பெரியது ஊசிதான், நான்கு கிலோ வாங்கினேன். ஆனால் அது தேய்வதே இல்லை. ஒரு தடவை வாங்கினால் பிள்ளைகள் காலம் வரைக்கும் வரும்.

முதல் ஈடு மூன்று மணி நேரம் ஓடியது. மூடியைத் திறந்தபோது தண்ணீர் மையாக இருந்தது. வாளியில் சல்லடை வைத்து ஊற்றி, ஒரு மணியை எடுத்துத் தண்ணீரில் முக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்பக்கம், நாக்கு தொங்கும் வளையத்தின் பின்பக்கம்கூட, மஞ்சள். வெளியே "உ" என்ற எழுத்தும் கீழே ஒரு வருஷமும் வெட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கரிக்குள் இத்தனை வருஷம் மூடிக் கிடந்திருக்கிறது. அரிக்காமல், சீவாமல், எழுத்தின் ஓரம் கூர்மையாக அப்படியே இருந்தது. இந்த ஒன்றுக்காகவே உருட்டும் கேன் எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் எல்லா மணியும் இதில் போகாது. போடக் கூடாதவை எவை என்று சொல்கிறேன். கை முட்டியைவிடப் பெரிய மணிகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு நசுங்கும். வெண்கல மணி வேண்டவே வேண்டாம். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. மணிக்கான வெண்கலத்தில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும், அதனால்தான் நாதம் நிற்கிறது, அதனால்தான் அடிபட்டால் வெடிக்கவும் செய்கிறது. தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், பித்தளை மணி சட்டென்று அடங்கும், வெண்கலம் இழுத்துக்கொண்டே போகும். எங்கள் 31 கிலோவில் இப்படிக் கழித்தது போக 18 கிலோ சின்ன மணிகள் கேனுக்குப் போயின. ஈட்டுக்கு இரண்டு கிலோ வீதம் ஒன்பது ஈடு, மூன்று நாள். மோட்டார் பாட்டுக்கு ஓடும், நாம் வேறு வேலை பார்க்கலாம்.

மணியின் நாக்கைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலும் அது இரும்புக் கம்பியில் தொங்கும். செம்பு கரைந்த அமிலத் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதன்மேல் செம்பு படியும், இரும்பும் துருப்பிடித்துக் கறை விடும். நேரத்தையும் இழுக்கக் கூடாது. ஆறேழு மணி நேரம் ஓட விட்ட ஈட்டில் மணிகளின் மெல்லிய விளிம்பு ஊசி தட்டித் தட்டித் தடித்துவிட்டது. எலுமிச்சை உப்பும் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் இதிலும் அதே இளஞ்சிவப்புதான்.

சலங்கைக்கு மட்டும் வேறு வழி

சலங்கையை ஊசிக் கேனில் போடவே கூடாது. அது மூடிய உருண்டை, கீழே பிளவு. பிளவு வழியாக ஊசி உள்ளே போகும், வெளியே வராது. அப்புறம் காளை ஓடும்போது சலங்கை சத்தம் வராது, கொரகொரவென்றுதான் கேட்கும். உள்ளே இருக்கும் குண்டு இரும்பு என்பதால் அமிலத்தில் ஊற வைக்கவும் முடியாது.

தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கிறார். அது விநாடிக்கு நாற்பதாயிரம் தடவை அதிரும் தண்ணீர்த் தொட்டி. அதிர்வில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடையும் வேகத்தில் இடுக்கில் இருக்கும் அழுக்கு பெயர்ந்து வரும். வெறும் சோப்புத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் வைத்தார். பிளவு வழியாகக் கறுப்பாக மேகம் மாதிரி அழுக்கு இறங்குவதைப் பார்க்க வேண்டுமே! நிறம் மங்கலாகத்தான் இருந்தது, அல்ட்ராசோனிக் மெருகு கொடுக்காது. உள்ளே சுத்தம், வெளியே திருநீறு வைத்துத் துணியால் தேய்த்துக்கொண்டோம். உடனே வெயிலில் குலுக்கிக் குலுக்கிக் காய வைத்ததால் குண்டு துருப்பிடிக்கவில்லை. தொட்டி சின்னது என்பதால் குடம், விளக்கெல்லாம் இதில் நடக்காது.

குடம் ஏன் வெடித்தது

துலக்குவதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான்கு குடத்தில் ஒன்று இதனால்தான் போயிற்று. சோடாவில் இருந்து எடுத்துத் துடைத்தபோது கழுத்துக்குக் கீழே முடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டியது. தண்ணீர் ஊற்றினால் கசிந்தது. யாரும் கீழே போடவில்லை. அது வருஷக்கணக்காக மாட்டுத் தொழுவத்துப் பரணில் இருந்த குடம்.

இதற்கும் தோட்டாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தால் அந்தப் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தில் வருவதால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வந்தது. 1921-இல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் மூவரும் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்தில் இருந்து வரும் அமோனியா ஈரக் காற்றில் பித்தளையைத் தாக்குகிறது. இழுத்தும் அடித்தும் செய்ததால் உலோகத்துக்குள் முறுக்கு நிற்கும் இடத்தில் அது பிளக்கிறது. பக்குவமாகச் சூடுபடுத்தி அந்த முறுக்கைத் தளர்த்திவிட்டால் வெடிப்பதில்லை.

குடமும் தகட்டை அடித்து வளைத்துச் செய்வதுதான். தொழுவத்து வாடையில் அமோனியா இருக்கிறது. ஆகவே தகட்டுப் பித்தளையைத் தொழுவத்திலோ, அதை ஒட்டிய அறையிலோ வைக்காதீர்கள். சலங்கையைக் காளையின் கழுத்திலிருந்து அவிழ்த்ததும் கழுவி, வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இதே காரணத்தால் அமோனியா கலந்த திரவ பாலிஷை மெல்லிய குடத்துக்கும் தகட்டுச் சாமானுக்கும் நான் தொடுவதில்லை. வெளிநாட்டுத் துப்பாக்கிப் பந்தயக்காரர்கள் பலரும் கூடுகளைத் துலக்கும் பொடியில் அமோனியா பாலிஷைச் சேர்ப்பதில்லை. கனமாக வார்த்த குத்துவிளக்குக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை, தடவியதும் துடைத்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் எடுத்த முடிவு

மற்ற மூன்று குடத்தையும் தாம்பாளங்களையும் மதினி சொன்னபடியே புளியில் தேய்த்தோம். ஊற வைக்காமல், கையோடு தேய்த்து, கையோடு அலசி. நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள், ஒரு காலைப்பொழுது. கைவிளக்கும் குத்துவிளக்கும் சரவிளக்கும் எலுமிச்சை உப்பில் பத்து நிமிடம். சின்ன மணிகள் உருட்டும் கேனில். பெரிய மணியும் வெண்கலமும் சோடாவில் ஊறியபின் பிரஷ்ஷும் புளியும். சலங்கை நகைப்பட்டறைத் தொட்டியில். அண்டாவின் வெளிப்பக்கத்தை மட்டும் துலக்கினோம். உள்ளே ஈயம் பூசியது. ஈயம் என்று சொன்னாலும் அது வெள்ளீயம், மெல்லிய பூச்சு, நாரும் அமிலமும் பட்டால் போய்விடும். பூச்சுப் போன பித்தளையில் புளிச்சோறு கிண்டினால் செம்பு சோற்றில் இறங்கும்.

சித்தப்பாவின் பஃப் பட்டறைக்கு ஒரே ஒரு சாமான் போயிற்று, பேர் எதுவும் இல்லாத, ஆழமாகக் கீறல் விழுந்த ஒரு தாம்பாளம். கீறலை எடுக்க வேறு வழி கிடையாது. அதில் பட்டறைக்காரர் வேலையைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே செய்து கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் இரண்டு விளக்கும் ஒரு செம்பும்தான் என்றால் கேன், மோட்டார் எதுவும் தேவையில்லை. சோடாவும் எலுமிச்சை உப்பும் போதும். நூறு மணிக்கு மேல் இருக்கும் கோயில், கரகாட்டக் குழு, வாடகைக்கு விளக்குக் கொடுப்பவர்கள் என்றால் கேன் முதல் வருஷத்திலேயே உழைப்பை மிச்சப்படுத்தும். சலங்கைக்குப் போடக் கூடாது என்பதை மட்டும் கரகாட்டக் குழுக்கள் மறக்க வேண்டாம்.

மிஞ்சிய தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. துலக்கிய அமிலத் தண்ணீரில் செம்பு கரைந்திருக்கும், அது மீனுக்கு விஷம். கண்மாயிலோ ஊருணியிலோ மாட்டுத் தொட்டியிலோ கொட்டக் கூடாது. முதலில் பிசுக்கு எடுத்த சோடாத் தண்ணீரை அதில் ஊற்றினால் நுரைத்துப் புளிப்பு அடங்கும். அப்புறம் கிணறும் வயலும் இல்லாத தரிசு நிலத்தில் பரவலாக ஊற்றிவிட்டோம்.

இப்போது மணிகளுக்கு நாக்குக் கோக்கும் வேலை நடக்கிறது. பழைய இரும்புக் கம்பியை மறுபடி போடவில்லை. மழையில் துரு வழிந்து மணியின் உள்பக்கம் சிவப்புக் கோடு விழுந்தது அதனால்தான். பித்தளைக் கம்பியில், ஒரு சுற்றுக் கூடுதலாக முறுக்கிக் கோக்கிறோம். நூற்று நாற்பது முடிந்தது, அறுபது பாக்கி. "உ" போட்ட அந்த மணியை யார் வீட்டார் கட்டியது என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். வருஷத்தைப் பார்த்துவிட்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.